மூணு கெஸ்ட், ஒரு டிரைவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனைப் போலப் பாவப்பட்ட ஜென்மம் இந்த உலகத்தில் கிடையாது. நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பான். ஒரு இடத்துக்கும் போய்ச் சேரமாட்டான். மாஸ்டர் இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் இருந்தார். மைதானத்தைச் சுற்றி நான்கு தெரு, மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு மேடு, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நெரிசல். இவ்வளவுதான் அவருடைய பூகோளம். அதையும் இரண்டாவது கியரில்தான் பார்த்திருக்கிறார். ஓடிய தூரத்தை நீட்டி வைத்தால் பூமியைப் பத்துத் தடவை சுற்றியிருப்பார். ஆனால் ஊர் எல்லையில் இருக்கிற பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதில்லை.

அவர் உட்காருகிற இடமும் ரெண்டுங்கெட்டான் இடம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டு. காலடியில் அவருக்கென்று இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச் இருக்கும். ஸ்டீயரிங் மட்டும் கிடையாது. படிக்க வந்தவர் எதிரே லாரியைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போகும்போது, மாஸ்டரின் கால் சத்தமில்லாமல் அந்த இரண்டாவது பிரேக்கை அமுக்கும். வண்டி நிற்கும். "பார்த்தீங்களா, நீங்களே நிறுத்திட்டீங்க" என்பார். அந்தப் பொய்யில்தான் அவருடைய பிழைப்பே நடந்தது. பொய் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தைரியம் கொடுக்கிறேன் என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அந்தக் கோடையில் தலைகால் புரியவில்லை. நாட்டின் இந்தக் கடற்கரையில் கிளம்பி அந்தக் கடற்கரை வரைக்கும், இருபத்திரண்டு நாள், ஒரே வண்டியில் நான்கு சிநேகிதர்கள் போவதாக முடிவாகியிருந்தது. பல் டாக்டர், வக்கீல், குண்டன், மாஸ்டர். நான்கு பேரும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். குண்டன் இப்போது குண்டனில்லை, மூன்று மாடி ஃபர்னிச்சர் கடைக்கு முதலாளி, வயிற்றை உள்ளே இழுத்து உடற்பயிற்சியெல்லாம் செய்கிறான். ஆனால் பெஞ்சில் வைத்த பேர் வைத்ததுதான்.

பயணத்தைப் பற்றிய பேச்சு பதினோரு வருஷமாக நடக்கிறது. ஒவ்வொரு கோடைக்கும் பேசுவார்கள். ஒவ்வொரு கோடைக்கும் ஒருவன் கழன்றுகொள்வான். வக்கீலுக்கு ஒரு வழக்கு வரும், டாக்டர் வீட்டில் ஒரு விசேஷம் வரும். இந்த வருஷம் அப்படியில்லை. டாக்டர் இருபத்திரண்டு நாளைக்கு நோயாளிகளைத் தள்ளி வைத்துவிட்டார். பெரிய வேன் ஒன்று வாடகைக்குப் பேசியாகிவிட்டது. இனி மாறாது.

சனிக்கிழமை சாயந்திரம் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனதும், டாக்டரின் கிளினிக்கிலேயே கூட்டம் கூடும். டாக்டர் தன் சுழல் நாற்காலியில். வக்கீலும் குண்டனும் காத்திருக்கிறவர்களுக்கான சோபாவில். மாஸ்டர் நர்ஸ் உட்காருகிற முக்காலியில். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை. வரைபடத்தை விரிக்க டீப்பாய் உயரத்துக்கு அதுதான் தோது என்று அவரே எடுத்துப் போட்டுக்கொண்டது.

மாஸ்டர் அந்தப் பயணத்துக்காக உழைத்த உழைப்பைப் பள்ளிக்கூடத்தில் உழைத்திருந்தால் அவரும் ஒரு டாக்டராகியிருப்பார். எந்த ஊரில் டயர் பார்ப்பார்கள், பொட்டல் வெளியில் எத்தனை கிலோமீட்டருக்குத் தண்ணீர் கிடைக்காது, மலைக்கு ஏறுகிற இரண்டு சாலையில் எது நல்லது என்றெல்லாம் லாரிக்காரர்களை மடக்கி மடக்கிக் கேட்டு வைத்திருந்தார். சாயந்திர வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார். குண்டனுக்கு வெயில் பட்டால் தலைவலி வரும். டாக்டருக்கு வளைவில் குமட்டும். வக்கீலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கியே ஆக வேண்டும், ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டான்.

"ஏன்டா, நீ என்ன எங்களுக்கு மாமியாரா?" என்று சிரித்தான் குண்டன்.

"மாமியார் கூட இவ்வளவு பார்க்கமாட்டா" என்றார் டாக்டர்.

மாஸ்டருக்கு அது போதும். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுவதற்கும் முறை போட்டிருந்தார். காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் மற்ற மூவரில் ஒருவர். மூவருக்கும் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கிக் கொடுத்ததே மாஸ்டர்தானே. மூவருமே அவருடைய வண்டியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பின் சீட்டில் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க ஓட்டிக் காட்டி ஒரே தடவையில் தேறியவர்கள்.

அதில்தான் வினை. அதிகாரிக்குத் தெரியாமல் மாஸ்டரின் கால் வேலை செய்தது. டாக்டர் நிறுத்த வேண்டிய இடத்தில் மாஸ்டர் நிறுத்தினார். குண்டன் மேட்டில் கிளட்சை விட்டபோது மாஸ்டர் பிடித்தார். சிநேகிதன் தோற்றுப்போய் முகம் தொங்குவதை அவரால் பார்க்க முடியாது. சம்பந்தப்பட்டவனுக்கே அது தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் செய்தார். "பிறவியிலேயே வருதுடா உனக்கு" என்று முதுகில் தட்டி வேறு கொடுத்தார்.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனை வெள்ளோட்டம் பார்க்க எடுத்தார்கள். டாக்டர் முதலில். பல்லைப் பிடுங்குகிற கை கிண்ணென்று இருக்கும். ஸ்டீயரிங்கில் அதே கை தந்தியடித்தது. சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்ததும் டாக்டர் பிரேக்கை நினைத்தாரே தவிர அமுக்கவில்லை. பக்கத்தில் மாஸ்டர் பதறிக் காலை உதைத்தார். வாடகை வேனில் இரண்டாவது பிரேக் ஏது, அங்கே வெறும் கால்மிதிதான் இருந்தது. சைக்கிள்காரன் தன் புண்ணியத்தில் பிழைத்தான். வக்கீல் ஓட்டியபோது எதிரில் வந்த எல்லோரோடும் ஜன்னல் வழியாக வாதாடினான். இரண்டு முறை சாலையை விட்டு இறங்கினான். குண்டன் மருத்துவமனை மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டான். வேன் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் பால் வண்டி. மாஸ்டர் பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தார்.

"டேய், எங்களுக்கெல்லாம் நல்லாத்தானேடா ஓட்ட வந்துச்சு?" குண்டனுக்கு வியர்த்துக் கொட்டியது.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லோருக்குமே நல்லதாகப் போயிருக்கும். மனிதர் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார். "வண்டி பெருசுல்ல, அதான். பழகினா சரியாயிடும்" என்றார்.

"பழகுறதாவது! உசுரு முக்கியம்டா" என்றார் டாக்டர். "முழுக்க நீயே ஓட்டிடு. நாங்க பின்னாடி நிம்மதியாத் தூங்கிட்டு வர்றோம்."

மற்ற இருவரும் விழுந்தடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். மாஸ்டருக்கு அதிலும் சந்தோஷம்தான். நம்மை நம்பி மூன்று உயிர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். முறை போட்டு எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, எல்லா நாளுக்கும் நேராகத் தன் பேரை எழுதினார்.

வேலை செய்கிற இடத்தில் லீவு கேட்டபோது பயிற்சிப் பள்ளி முதலாளி குதித்தார். கோடையில்தானே கூட்டம் வரும்! பள்ளி, கல்லூரியெல்லாம் மூடினதும் படிக்கிற பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள்.

"இப்போ போனா உன் பேட்ச் புதுசா வந்தவனுக்குப் போயிடும் மாஸ்டர். அப்புறம் திரும்பி வந்து கேட்கக் கூடாது."

"போகட்டும் சார். வாழ்க்கையில ஒரு தடவை போறேன்."

முதலாளி மேலும் கீழும் பார்த்தார். "யாரோட போறே?"

"சிநேகிதங்களோட" என்றார் மாஸ்டர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. தினமும் தன் வண்டியில் ஏறி இறங்குகிற ஊர்ப் பெரிய மனிதர்களில் மூன்று பேர் தன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் என்பதை அந்த ஆளுக்கும் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லவும் செய்தார்.

கிளம்புவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த போன் வந்தது. மத்தியானம் மூன்று மணி. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அறுபது வயதில் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர். மாஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு போனை எடுத்தார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அதுதான் செய்த தப்பு.

"சார், ஏரிக்கரை ஹோட்டல்ல இருந்து பேசுறோம். நாலு நாள் புக்கிங் இருக்கு. வந்து சேர்ற நேரம் கேட்க இந்த நம்பர் குடுத்திருக்காங்க."

மலை மேல் இருக்கிற ஏரி. பயணத்திலேயே அந்த நான்கு நாளுக்காகத்தான் மாஸ்டர் ஏங்கிக்கொண்டிருந்தார். அங்கே வண்டி ஓட்ட வேண்டியதில்லை. படகு, நடை, தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு பேரும் பழைய கதை. ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிற அறை என்று வக்கீல் படம் காட்டியிருந்தான்.

"சாயந்திரம் அஞ்சுக்குள்ள வந்துடுவோம்."

"சரிங்க சார். ஏரி பார்த்த ரூம்ல மூணு கெஸ்ட், ஒரு டிரைவர்னு போட்டிருக்கு. டிரைவருக்குத் தனி ரூம் கிடையாது சார். கீழ வண்டி நிறுத்துற இடத்துல ஒரு ஹால் இருக்கு, எல்லா டிரைவரும் அங்கதான் படுப்பாங்க. கட்டில் போட்டுக் குடுத்துடுவோம். இல்ல, வண்டியிலேயே படுத்துப்பாரா?"

மாஸ்டருக்கு முதலில் புரியவே இல்லை. "நாங்க நாலு பேருங்க. டிரைவர் யாரும் வரலை" என்றார்.

"இல்ல சார், புக் பண்ணவர் தெளிவா எழுதியிருக்காரே. மூணு கெஸ்ட் பேர் இருக்கு. நாலாவதுக்கு டிரைவர்னு மட்டும் போட்டு இந்த நம்பர் இருக்கு." அந்தக் குரல் ஒரு கணம் தயங்கியது. "நீங்கதான் டிரைவரா?"

சுருக்கென்றது. மாஸ்டர் ஏதோ சொன்னார், என்ன சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை. போனை வைத்தார். நூலகத்து அம்மா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கிற சுவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்க நல்ல மனிதர்களுக்குத்தான் தெரியும். மாஸ்டருக்கு அதுதான் இன்னும் கூசியது.

புக் பண்ணினது வக்கீல். அவன் பத்திரத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறாகப் போடுகிற ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். அவள் தபால் அலுவலகத்தில் கவுண்ட்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்கிறவள். ஆச்சரியப்படவே இல்லை.

"இதைத்தான் நான் எத்தனை வருஷமாச் சொல்றேன். நீங்கதான் கேட்கலை" என்றாள்.

"என்னத்தைச் சொன்னே? ஏதோ எழுதுறப்போ மாறியிருக்கும்."

"டாக்டர் தங்கச்சி கல்யாணத்துல நீங்க எங்க இருந்தீங்க? ஸ்டேஷனுக்கும் மண்டபத்துக்கும் எத்தனை ட்ரிப் அடிச்சீங்க? ஒரு வாய் சாப்பிட உக்காந்தீங்களா? வக்கீலோட அம்மாவை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? அவர் வீட்டு ஹாலைத் தாண்டி உள்ள போயிருக்கீங்களா ஒரு நாளாவது?"

"சிநேகிதன் ஒரு உதவி கேட்டா செய்யறதில்லையா? அதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பாங்க?"

"நான் கணக்குப் பார்க்கலைங்க. அவங்க என்னைக்காவது உங்களுக்கு ஒண்ணு செஞ்சிருக்காங்களான்னு கேட்கறேன்."

"வாயை மூடுடி!" என்று கத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பேசியதில்லை. அவள் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மாஸ்டருக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஹோட்டல்காரன் சொன்னது ஒரு நிமிஷம் வலித்தது. இவள் சொன்னது ஒவ்வொன்றாக யோசிக்க வைத்தது.

அந்த வாரம் முழுக்க மனசுக்குள் வக்கீலுக்காக இவரே வாதாடினார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்திருக்கும், ஏதாவது நிரப்பியாக வேண்டும் என்று நிரப்பியிருப்பான். முழுப் பயணமும் ஓட்டப் போவது நான்தானே, அதில் என்ன தப்பு? அவனைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். சிரித்துவிட்டால் விஷயம் தீர்ந்தது.

சனிக்கிழமை கிளினிக்கில் அதைத்தான் செய்தார். வேடிக்கையாகச் சொல்கிற மாதிரி, "ஏன் வக்கீலே, என்னைக் கார் ஷெட்டுல படுக்கப் போட்டுட்டியாமே?" என்று ஆரம்பித்தார்.

வக்கீல் சிரித்தான்தான். "ஓ, போன் பண்ணிட்டாங்களா? ஒண்ணும் இல்லடா. ஏரிப் பக்க ரூம்ல மூணு கட்டில்தான் இருக்கு. இன்னொரு ரூம் கேட்டேன், கோடையில கிடைக்கலைன்னுட்டான். டிரைவர்னு போட்டாத்தான் நாலாவது ஆளுக்கு அங்கயே படுக்க இடம் கிடைக்கும். உன் நல்லதுக்குத்தான் போட்டேன்."

நல்ல காரணம். குறை சொல்ல ஒன்றுமில்லாத காரணம். மாஸ்டர் தலையாட்டினார். ஒரு மிடறு தேநீர்கூடக் குடித்தார். அப்படியே விட்டிருந்தால் அந்தப் பயணம் நடந்திருக்கும். ஆனால் மூன்று கட்டில் இருக்கிறது, நான்கு ஆள் இருக்கிறோம் என்றானபோது, யார் கீழே என்பதை இவன் யோசிக்கக்கூட இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை விழுங்க முடியவில்லை.

"சரி, நாலு நாள்தானே? ஆளுக்கு ஒரு நாள் கீழ படுத்துப்போம்" என்றார்.

டாக்டர் நாற்காலியை லேசாக ஒரு பக்கம் சுழற்றி, மறுபடி நேராக்கினார்.

"எனக்கு முதுகு வலிடா, தெரியும்ல" என்றார்.

"சீட்டுப் போட்டுப் பார்ப்போம்" என்றார் மாஸ்டர். இன்னமும் சிரிப்பை விடவில்லை.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். "சின்ன விஷயத்தை ஏன்டா இழுக்கறே? நீ எங்க போட்டாலும் தூங்கறவன்."

அதுவும் உண்மைதான். மாஸ்டர் எங்கே போட்டாலும் தூங்குவார். இது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார். எத்தனையோ வீட்டு வாசலில் வண்டிக்குள் காத்திருந்து தூங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். மனைவி சொன்ன கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. மண்டபத்து வாசலில் டாக்டர் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, அடுத்த ரயிலுக்கு நேரமாச்சுடா என்று சொன்னது வந்தது. ரத்தம் தலைக்கு ஏறியது.

"நான் ஓட்டலை" என்றார்.

"என்னது?"

"நான் ஓட்டலைன்னேன். வர்றேன். உங்க கூட வர்றேன். ஆனா ஓட்டலை. ஒரு டிரைவரைக் கூட்டிட்டுப் போவோம். அவனைக் கீழ படுக்க வைங்க. நாம நாலு பேரும் பின்னாடி உக்காந்து பேசிட்டுப் போவோம். பதினோரு வருஷமா அதுக்குத்தானேடா பேசிட்டிருந்தோம்?"

அதற்கு எதிர்க்கேள்வி கேட்டது குண்டன். குண்டனுக்கு வஞ்சகம் தெரியாது. மூவரில் மாஸ்டருக்கு ரொம்பப் பிடித்தவனே அவன்தான். உண்மையாகவே குழம்பிப்போய், கபடமே இல்லாத முகத்தோடு கேட்டான்:

"அப்போ நீ எதுக்குடா வர்றே?"

மாஸ்டர் காத்திருந்தார். இதற்குப் பதில் தான் சொல்லக் கூடாது, வேறு யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். 'டேய் குண்டா, என்னடா கேள்வி இது, அவன் நம்ம ஆளுடா' என்று ஒருவன் சொன்னால் போதும். திட்டக்கூட வேண்டாம், சும்மா சொன்னால் போதும். டாக்டர் டீப்பாயில் இருந்த வரைபடத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குண்டன் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க மூணு பேருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது" என்றார் மாஸ்டர். குரல் உடைந்துவிட்டது. "அன்னைக்கு டெஸ்ட்டுல பாஸ் பண்ணது நீங்க இல்லடா. என் கால். பிரேக்கைப் போட்டது நான். கிளட்சைப் பிடிச்சது நான். மூணு பேருக்கும் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தது இந்தக் கால்."

பெரிய குண்டைத் தூக்கிப் போட்டதாகத்தான் நினைத்தார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுமேடா" என்றார், சமாதானப்படுத்துகிற குரலில். "இது கூடவா தெரியாது? வண்டி தானா நிக்கிறப்பவே தெரிஞ்சுது. அதனாலதானேடா உன்கிட்டயே வந்தோம்."

அதற்கு மேல் அந்த அறையில் என்ன இருக்கிறது? மாஸ்டர் முக்காலியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து, "டேய், கோச்சுக்காதடா, புதன்கிழமை வேனை எடுக்கணும், மறந்துடாதே!" என்று குண்டன் கத்துவது படியிறங்கும் வரை கேட்டது.

புதன்கிழமை மாஸ்டர் போகவில்லை. வீட்டில் வெட்டியாக உட்கார்ந்திருந்தார். பயிற்சிப் பள்ளியில் அவருடைய வண்டியில் புது ஆள் உட்கார்ந்தாயிற்று. முதலாளி முகத்தில் போய் முழிக்கவும் மனசில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். குளிக்கப் போனாலும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். கூப்பிடுவார்கள். முதலில் குண்டன் கூப்பிடுவான், அழுதாலும் அழுவான். உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது, கொஞ்சம் பிகு பண்ண வேண்டும். அப்புறம் டாக்டர் பேசுவார். அப்போது விட்டுக்கொடுத்துவிடலாம். நான்கு நாள் கீழே படுத்தால்தான் என்ன, குறைந்தா போய்விடுவோம்? இதையெல்லாம் மனசுக்குள் வசனம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். வெட்கம் கெட்ட மனசு, அவ்வளவு பட்ட பிறகும் அவர்களுக்காகவே பரிந்து பேசியது.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. கிளம்ப வேண்டிய நாளும் வந்து போயிற்று. அவர் இல்லாமல் பயணம் நின்றுபோயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு தட்டில் ரொட்டியை வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

ஆறு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு போன் அடித்தது. தெரியாத நம்பர். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தார்.

"அண்ணே, வணக்கம். பல் டாக்டர் சார் உங்க நம்பர் குடுத்தாரு. நான் அவங்க டூருக்கு ஓட்டுற டிரைவர் பேசுறேன்." நாற்பது வயசுக் குரல், மரியாதையான குரல். "மலைக்குக் கீழ வந்துட்டோம்ணே. இங்க ரோடு ரெண்டாப் பிரியுது. பழைய ரோடு, புது ரோடு. எதுல ஏறணும்னு தெரியலை. 'எங்க பழைய டிரைவர் ஒருத்தர் இருக்காரு, அவருக்கு இந்த ரூட்டு அத்துப்படி, அவரைக் கேளு'ன்னு டாக்டர் சார் சொன்னாரு."

போனுக்குப் பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ எதையோ சொல்ல, குண்டன் வயிற்றைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பை ஆயிரம் பேருக்கு நடுவிலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." "பழைய ரோட்டுல போகாதீங்க. தூரம் கம்மிதான். ஆனா உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்கம் செங்குத்து, பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும். புது ரோட்டுல போங்க. இறங்கறப்போ ரெண்டாவது கியரை விட்டு மாத்தாதீங்க."

"சரிண்ணே, சரிண்ணே."

"டாக்டருக்கு வளைவுல குமட்டும். முன்னாடி உக்கார வெச்சுக்குங்க. குண்டனுக்கு..." நிறுத்தினார். "அந்த ஃபர்னிச்சர் கடைக்கார சாருக்கு வெயில் ஆகாது, சாயந்திரம் இடது பக்கம் உக்கார வைங்க. வக்கீல் சார் கேட்கமாட்டாரு, நீங்களாப் பார்த்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்க."

"ரொம்ப நன்றிண்ணே. இதெல்லாம் யாரு சொல்லித் தருவா!" அந்த மனிதர் குரலைத் தாழ்த்தினார். வண்டியைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வந்திருக்க வேண்டும். "ஆளுங்க எப்படிண்ணே? நல்ல மாதிரியா?"

"தங்கமான ஆளுங்க."

"நீங்க எத்தனை வருஷம் ஓட்டினீங்க அவங்ககிட்ட?"

ஆறாம் வகுப்பிலிருந்து கணக்குப் போட மாஸ்டருக்கு நேரம் தேவைப்படவில்லை. "முப்பத்தாறு வருஷம்" என்றார்.

"அம்மாடி! முப்பத்தாறு வருஷமா? அவ்வளவு நாள் வெச்சிருந்துட்டு இப்போ ஏண்ணே நிறுத்திட்டாங்க?"

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். யார் என்று கண்ணாலேயே கேட்டாள். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவங்க நிறுத்தலை தம்பி" என்றார். "நான்தான் வேலையை விட்டுட்டேன்."